மீட்டர் நடுவில் நிற்கிறது, படம் மட்டும் ஏன் வெளுக்கிறது?

கேள்வி இது: கையில் ஒரு டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் ஜூம், கூடவே ஒரு பழைய 50 மிமீ லென்ஸ். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குறி பூஜ்யத்தில் நின்ற பிறகே ஷட்டரை அழுத்தியிருக்கிறீர்கள். இருந்தும் சில படங்கள் வெளுத்திருக்கின்றன, சில இருண்டிருக்கின்றன. மீட்டர் பழுதாகிவிட்டதா, சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். மீட்டர் அரிதாகத்தான் கெடும். பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். எதை அளக்கச் சொன்னோம் என்பதில்தான் கோளாறு இருக்கும். அல்லது மெனுவில் என்றோ மாற்றிய ஒன்று மறந்துபோய் அப்படியே கிடக்கும். நிஜமான பழுதாக இருந்தாலும் மீட்டரைவிட லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்களையும் ஷட்டர் திரையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் படங்களில் வெவ்வேறு தடத்தை விட்டுச்செல்கின்றன. தடத்தைப் பார்த்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன், கெட்டுப்போன படங்களைக் கணினியில் எடுத்த வரிசைப்படி திறந்து, படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் எக்ஸிஃப் விவரங்களைப் பாருங்கள். ஷட்டர் வேகம், அபர்ச்சர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டியோ குறைத்தோ எடுக்கும் அமைப்பு), மீட்டரிங் முறை (சட்டகத்தில் எங்கே அளப்பது என்ற தேர்வு), ஃப்ளாஷ் அடித்ததா இல்லையா என்ற ஆறு விவரங்கள் போதும். எல்லாப் படங்களும் ஒரே அளவுக்கு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அது ஒரு அமைப்பு. சரி, இருட்டு, வெளிச்சம் என்று மூன்று மூன்றாக முறை வைத்து வந்தால், ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கும் பிராக்கெட்டிங் அணைக்கப்படாமல் இருக்கிறது. காட்சிக்குக் காட்சி மாறினால், மீட்டர் பார்க்கும் விதம் காரணம். எஃப்/8, எஃப்/11 போன்ற சிறிய துளைகளில் மட்டும் வெளுத்தால், அபர்ச்சர் இதழ்கள். 1/1000 நொடிக்கு மேல் மட்டும் இருண்டால், ஷட்டர். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் தொடர்ச்சியாக எடுத்த படங்கள் ஒன்றுக்கொன்று மாறினால், விளக்கின் துடிப்பு. கேமரா திரையில் நன்றாக இருந்து கணினியில் மட்டும் இருண்டு தெரிந்தால், எக்ஸ்போஷர் தவறாமலேயே இருந்திருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன்.

திரையை நம்ப வேண்டாம்

பின்பக்கத் திரையின் பிரகாசம் ஒரு அளவுகோல் ஆகாது. நல்ல வெயிலில் அது மங்கித் தெரியும். படம் இருண்டிருக்கிறது என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடுவோம். இரவில் அதே திரை கண்ணைக் கூசும். படம் பளிச்சென்று இருப்பதாக நம்பி, இருண்ட படத்தோடு வீடு திரும்புவோம். திரையின் பிரகாசத்தைத் தானியங்கியில் விடாமல் நடு அளவில் நிறுத்துங்கள். படம் சரியா என்பதை ஹிஸ்டோகிராமில் பாருங்கள். இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் வெளிச்சப் பகுதிகளை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. வலது ஓரத்தில் மேடு சுவரில் மோதியதுபோல வெட்டப்பட்டு நின்றால், அந்த இடத்தில் விவரம் போய்விட்டது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் இருந்தால் அதையே வையுங்கள். சிவப்புப் பூவை எடுக்கும்போது மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும், சிவப்பு மட்டும் தனியே வெட்டுப்பட்டு இதழ்களின் நரம்பு காணாமல் போயிருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், உள்ளே பொதிந்த ஜேபெக் படத்தினுடையது. காண்ட்ராஸ்ட்டைக் கூட்டி வைத்திருந்தால் ராவில் பத்திரமாக இருக்கும் வெளிச்சப் பகுதியைக்கூட அது போய்விட்டதாகக் காட்டும்.

நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனனின் ஹைலைட் டோன் ப்ரையாரிட்டி, ஃபியூஜியின் டிஆர்200, டிஆர்400 போன்ற வசதிகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெளிச்சப் பகுதிகளைக் காப்பாற்றுவதற்காக இவை படத்தைக் குறைவான வெளிச்சத்தில் பதிவுசெய்து, ஜேபெக்கில் நிழல்களை மட்டும் தூக்கிவிடும். கேமரா திரையில் அழகாகத் தெரியும். அதே ராவை, இந்த வசதியைக் கணக்கில் எடுக்காத மென்பொருளில் திறந்தால் இருண்டு நிற்கும். ராவில் வேலை செய்பவர்கள் இவற்றை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. கேனனில் ஐஎஸ்ஓ 100க்கு இறங்க மறுத்து 200லேயே நின்றால், ஹைலைட் டோன் ப்ரையாரிட்டி இயங்குகிறது என்று அர்த்தம்.

மறந்துபோன அமைப்புகள்

முதல் சந்தேகம் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் இது பழைய எண்ணிலேயே இருக்கும். மேல்பக்கம் தனி டயல் உள்ள மாடல்களில் பைக்குள் உரசியே டயல் திரும்பிவிடும். எடுக்கத் தொடங்கும் முன் ஒருமுறை பார்ப்பது பழக்கமாகட்டும்.

இரண்டாவது, எம் (மேனுவல்) முறையில் ஆட்டோ ஐஎஸ்ஓ. உங்கள் கேள்வியில் "மீட்டர் எப்போதும் பூஜ்யத்தில்தான் நின்றது" என்ற ஒரு வரி இருக்கிறது. எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஷட்டரையும் அபர்ச்சரையும் நீங்கள் கையால் வைத்தாலும், ஐஎஸ்ஓ தானாக ஏறி இறங்கி மீட்டரைப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிடும். கையால் முழுக் கட்டுப்பாட்டில் எடுக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், முடிவெடுப்பது கேமராவாக இருக்கும். ஐஎஸ்ஓவுக்கு மேல் எல்லையை 1600 என்று வைத்திருந்து, அதற்கு மேல் தேவைப்பட்டால் படம் இருளும். எக்ஸிஃபில் ஐஎஸ்ஓ படத்துக்குப் படம் 140, 360, 900 என்று ஓடியிருந்தால் இதுதான் கதை. ஐஎஸ்ஓவை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கிட் ஜூம். 18-55 லென்ஸின் திறப்பு 18 மிமீயில் எஃப்/3.5, 55 மிமீயில் எஃப்/5.6. முழுதாகத் திறந்து வைத்து, எம் முறையில், நிலையான ஐஎஸ்ஓவில் 18ல் அளந்துவிட்டு 55க்கு ஜூம் செய்தால் ஒன்றேகால் ஸ்டாப்புக்குமேல் வெளிச்சம் குறைந்துவிடும். ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ ஆன ஒரு படி. அபர்ச்சரை எஃப்/5.6ல் வைத்தே தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, கேமராவின் எல்லை. 50 மிமீ லென்ஸ் எஃப்/1.8 என்று வைத்துக்கொள்வோம். அதை முழுதாகத் திறந்து உச்சிவெயிலில் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப்/16ல் 1/125 நொடி வேண்டும். எஃப்/16லிருந்து எஃப்/2 வரை ஆறு படிகள். ஷட்டர் 1/8000 ஆக வேண்டும். எஃப்/1.8க்கு அதற்கும் மேல், ஏறக்குறைய 1/10000. உங்கள் கேமராவின் உச்ச வேகம் 1/4000 என்றால் படம் ஒன்றேகால் ஸ்டாப்புக்குமேல் வெளுத்தே தீரும். அப்போது கேனனில் ஷட்டர் எண் கண்சிமிட்டும், நிக்கானில் "ஹை" என்று எழுத்து வரலாம். இருட்டில் இதற்கு மறுதலையாக "லோ" வரும், அல்லது 30 நொடி என்ற எண் கண்சிமிட்டும். கண்சிமிட்டும் எண்ணைப் பார்த்தும் ஷட்டரை அழுத்தினால் கேமரா தடுக்காது.

பூட்டும் பொத்தானையும் கவனியுங்கள். கேனனில் எவாலுவேட்டிவ் மீட்டரிங்கும் (சட்டகம் முழுவதையும் அளப்பது) ஒன்-ஷாட் ஃபோகஸும் இருக்கும்போது, பாதி அழுத்தி ஃபோகஸ் கிடைத்ததுமே வெளிச்ச அளவும் பூட்டப்படும். ஸ்பாட் (ஒரு சிறு வட்டத்தை மட்டும் அளப்பது), சென்டர்-வெயிட்டட் (நடுப்பகுதிக்குக் கூடுதல் எடை கொடுப்பது) முறைகளில் படம் எடுக்கும் கணத்தில்தான் அளவு தீர்மானமாகும். நிக்கானில் பாதி அழுத்துவது வழக்கமான அமைப்பில் ஃபோகஸை மட்டுமே பூட்டும். ஆகவே முகத்தில் ஸ்பாட் வைத்து அளந்துவிட்டு, சட்டகத்தை நகர்த்தி எடுத்தால், ஸ்பாட் பின்னணிக்குப் போய் அதை அளந்துவிடுகிறது. வெளிச்ச அளவைப் பூட்டும் ஏஈ-லாக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்த்த வேண்டும்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒன்று. நிக்கானின் பல மாடல்களில் கஸ்டம் மெனுவில் ஃபைன்-டியூன் ஆப்டிமல் எக்ஸ்போஷர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு மீட்டரிங் முறைக்கும் தனித்தனியாக, ஆறில் ஒரு ஸ்டாப் படிகளில், ஒரு ஸ்டாப் வரை மேலும் கீழும் நகர்த்தலாம். நகர்த்திய பிறகு வியூஃபைண்டரிலோ திரையிலோ எந்தக் குறியும் வராது. சோனியில் எக்ஸ்போஷர் ஸ்டாண்டர்ட் அட்ஜஸ்ட், கேனனின் உயர்ரக மாடல்களில் ஏஈ மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று இதே வசதி இருக்கிறது. பழைய கேமராவை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் இதைத் தவறாமல் பாருங்கள். இரண்டு பச்சைப் புள்ளிப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி நிக்கானை ரீசெட் செய்வது கஸ்டம் மெனுவைத் தொடாது. அதற்கு மெனுவுக்குள் தனி ரீசெட் இருக்கிறது.

மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது கருப்பும் தெரியாது

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்து, காட்சிக்குக் காட்சி பிழை மாறினால், இங்கேதான் நிற்க வேண்டும். கேமராவின் மீட்டர் பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. பொருள் திருப்பி அனுப்பும் ஒளியை அளக்கிறது. எதிரே இருப்பது நிழலில் இருக்கும் வெள்ளைத் துணியா, வெயிலில் இருக்கும் கருப்புத் துணியா என்று அதற்குத் தெரியாது. இரண்டிலிருந்தும் ஒரே அளவு ஒளி வரலாம். எனவே அது ஒரு ஊகத்தை வைத்துக்கொள்கிறது: காட்சியில் உள்ளதையெல்லாம் கலந்தால் நடுத்தரச் சாம்பல் வரும். அந்தச் சாம்பலை எட்டும் அளவே பூஜ்யம். குறி நடுவில் நிற்பது "படம் சரி" என்ற சான்றிதழ் அல்ல, "எதிரே இருப்பதைச் சாம்பலாக்கிவிட்டேன்" என்ற அறிக்கை.

பனி மூடிய வெளியை எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக வருவதும், கருப்பு நாயை நெருங்கி எடுத்தால் ரோமம் வெளிறிப்போவதும் இதனால்தான். இரண்டிலும் மீட்டர் பிழையே செய்யவில்லை. வழி எளிது: சட்டகத்தின் பெரும்பகுதி வெள்ளை என்றால் காம்பென்சேஷனைக் கூட்ட வேண்டும், கருப்பு என்றால் குறைக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். வெயில்பட்ட பனிக்கு +1.3 முதல் +2 வரை. சட்டகத்தை நிறைக்கும் வெள்ளை உடைக்கோ சுவருக்கோ +1 முதல் +1.7. கருப்புத் துணிக்கும் ரோமத்துக்கும் -1 முதல் -1.7. கருப்புப் பின்னணியில் ஒற்றை விளக்கில் நிற்கும் மேடைக் கலைஞருக்கு -1 முதல் -2. பின்னால் வானம் பளிச்சிட, முகம் நிழலில் இருந்தால் +1 முதல் +2. வானம் வெளுக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாஷ் கொண்டு முகத்தை நிரப்ப வேண்டும். முழுநிலவு சூரிய ஒளி விழும் ஒரு பாறை. கருப்பு வானத்தைப் பார்த்து மீட்டர் குழம்பும் என்பதால் அதை விட்டுவிட்டு, எம் முறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/250 நொடி என்று தொடங்குங்கள்.

வெளிச்சம் அளக்கப் பயன்படும் சாம்பல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை 18 சதவீத ஒளியைத் திருப்பும். பல மீட்டர்களின் அளவுத்திருத்தமோ 12 முதல் 13 சதவீதத்துக்கு நெருக்கமானது. எனவே அட்டையை வைத்து அளந்தால் அரை ஸ்டாப் வரை வித்தியாசம் வந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம்.

மீட்டரிங் முறைகளில் எது நல்லது என்று கேட்பதைவிட, எது எங்கே ஏமாறும் என்று தெரிந்துகொள்வது பயன் தரும். நிக்கானில் மேட்ரிக்ஸ், கேனனில் எவாலுவேட்டிவ், சோனியில் மல்டி என்று அழைக்கப்படும் முறை சட்டகத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. 1983ல் நிக்கான் எஃப்ஏ ஐந்து பகுதிகளோடு இதைத் தொடங்கிவைத்தது. இன்று ஃபோகஸ் புள்ளிக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது, முகத்தைக் கண்டால் அதற்கேற்ப மாற்றுகிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் ஃபோகஸ் புள்ளி முகத்திலிருந்து கருப்புச் சட்டைக்கு ஒரு அங்குலம் நகர்ந்தாலே முடிவு மாறலாம். தொடர்ந்து எடுத்த இரண்டு படங்கள் மாறுபடுவதற்கு இது சாதாரணமான காரணம். சென்டர்-வெயிட்டட் அவ்வளவு புத்திசாலி இல்லை, ஆனால் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஸ்பாட் மிகச் சிறிய வட்டத்தை மட்டும் பார்க்கிறது. கேனனின் பல மாடல்களில் அந்த வட்டம் எப்போதும் சட்டகத்தின் நடுவில்தான். நிக்கானில் நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளியோடு நகரும். ஓரத்தில் இருக்கும் முகத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு, கேனன் நடுவில் இருந்த வானத்தை அளந்துவிட்டது என்று புகார் சொல்வதில் நியாயமில்லை. ஸ்பாட்டைப் பயன்படுத்தி முடித்ததும் மல்டிக்குத் திரும்பிவிடுங்கள். மறந்துபோன ஸ்பாட் கெடுத்த படங்கள் ஏராளம்.

சுவர்ச் சோதனை

இனி மீட்டரையே சோதிக்கலாம். ஒரே நிறத்தில், ஒரே சீராக வெளிச்சம் விழும் வெற்றுச் சுவர் வேண்டும். விளக்கு வெளிச்சம் வேண்டாம். மேகமூட்டமான பகல் மிக நல்லது. காம்பென்சேஷன் பூஜ்யம், ஆக்டிவ் டி-லைட்டிங் போன்றவை அணைப்பு, ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் முன்னுரிமை முறையில் எஃப்/5.6. சுவர் சட்டகத்தை முழுதாக நிறைக்கட்டும், ஃபோகஸைக் கையால் கலைத்து மங்கலாக்குங்கள். மல்டி, சென்டர், ஸ்பாட் என்று மூன்றிலும் ஒவ்வொரு படம்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல வர வேண்டும், ஏனெனில் எங்கே பார்த்தாலும் ஒரே வெளிச்சம்தான். மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் வித்தியாசம் பொருட்டல்ல. ஹிஸ்டோகிராமில் ஒற்றைக் கூர்மேடு நடுவிலோ நடுவுக்குச் சற்று இடப்பக்கமோ நிற்க வேண்டும். சுவர் வெள்ளையா பச்சையா என்பது பொருட்டில்லை, எல்லாம் சாம்பல் அளவுக்குத்தான் வரும். மேடு மூன்றிலும் ஒரு ஸ்டாப் தள்ளி நின்றால், முன்பு சொன்ன மறைந்திருக்கும் ஃபைன்-டியூனை மறுபடி பாருங்கள். ஒரு முறையில் மட்டும் தள்ளி நின்றாலும் அதையேதான் பார்க்க வேண்டும், அது முறைக்கு முறை தனியாகப் பதிவாகிறது.

குறுக்குச் சரிபார்ப்பாக, தெளிந்த நடுப்பகல் வெயிலில் எம் முறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 1/125 வைத்து, வெயில்பட்ட பசும்புல்லை மட்டும் சட்டகத்தில் நிறையுங்கள். புல் நடுத்தரச் சாம்பலுக்கு நெருக்கமானது. மீட்டரின் குறி பூஜ்யத்தை ஒட்டி, அரை ஸ்டாப்புக்குள் நின்றால் உங்கள் மீட்டர் நலமாக இருக்கிறது.

லென்ஸும் ஷட்டரும்

உங்களிடம் பழைய 50 மிமீ லென்ஸ் இருப்பதால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும். வியூஃபைண்டர் வெளிச்சமாக இருப்பதற்காக அப்படி. மீட்டரும் அந்தத் திறந்த நிலையில்தான் அளக்கிறது. எஃப்/8க்கு மூடினால் எவ்வளவு குறையும் என்று கணக்கில் கழித்துக்கொள்கிறது. ஷட்டரை அழுத்திய பிறகு, கண்ணாடி மேலே போகும் அந்தக் கணத்தில்தான் இதழ்கள் எஃப்/8க்கு மூடுகின்றன. பழைய லென்ஸ்களில் ஹெலிகாய்ட் (ஃபோகஸ் செய்யும் திருகுப் பகுதி) மசகு இளகி இதழ்களின் மேல் எண்ணெயாகப் பரவும். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூட வேண்டிய நேரத்துக்குள் மூடாது. ஷட்டர் திறக்கும்போது துளை இன்னும் எஃப்/4லேயே இருக்கும். மீட்டர் கேட்டதைவிட நான்கு மடங்கு ஒளி சென்சாரில் விழும். குறி பூஜ்யத்தில் நின்றும் படம் வெளுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை. முழுதாகத் திறந்து எடுத்தால் மட்டும் படம் சரியாக வரும், இதழ்களுக்கு அங்கே வேலையே இல்லை.

சோதிக்க, கேமராவை ட்ரைபாடில் வைத்து அதே சுவரை எம் முறையில், ஐஎஸ்ஓ 100ல் எடுங்கள். மேகமூட்டமான பகலில் இந்த வரிசை பொருந்தும்: எஃப்/2.8ல் 1/1000, எஃப்/4ல் 1/500, எஃப்/5.6ல் 1/250, எஃப்/8ல் 1/125, எஃப்/11ல் 1/60, எஃப்/16ல் 1/30. ஒவ்வொரு அமைப்பிலும் மூன்று படங்கள். ஒவ்வொரு படியிலும் துளை பாதி ஒளியைக் குறைக்கிறது, ஷட்டர் அதை இரட்டித்து ஈடுகட்டுகிறது. எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். முழுத் திறப்பில் ஓரங்கள் சற்று இருளும், அதனால் நடுப்பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். துளை சிறிதாகச் சிறிதாகப் படம் வெளுத்துக்கொண்டே போனால் இதழ்கள் மந்தமாக இருக்கின்றன. ஒரே அமைப்பில் எடுத்த மூன்றும் தங்களுக்குள் மாறுபட்டால் இன்னும் உறுதி; ஒட்டும் இதழ் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய துளைகள் எல்லாம் வேகமான ஷட்டரோடு சேர்ந்தே வருகின்றன. ஒரு முனை வெளுத்திருக்கிறதா, மறுமுனை இருண்டிருக்கிறதா என்பது குழப்பலாம். எனவே இரண்டாவது வரிசை: அபர்ச்சரை எஃப்/8ல் நிறுத்திவிட்டு, 1/125 நொடிக்கு ஐஎஸ்ஓ 100, 1/250க்கு 200, 1/500க்கு 400, 1/1000க்கு 800, 1/2000க்கு 1600, 1/4000க்கு 3200. இதழ்கள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும், மாறுவது ஷட்டர் மட்டும். 1/2000, 1/4000 நொடிகளில் மட்டும் படம் இருண்டாலோ, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிழல்போல இறங்கினாலோ ஷட்டர் திரைகள் தேய்ந்திருக்கின்றன. அந்த வேகங்களில் சென்சார் ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதில்லை. இரண்டு திரைகளுக்கு இடையே உள்ள மெல்லிய இடுக்கு சென்சாரைக் கடந்து ஓடுகிறது. இரண்டு திரைகளின் வேகமும் சற்று மாறினாலே இடுக்கின் அகலம் வழியில் மாறிவிடும்.

லென்ஸா, உடலா என்று பிரிக்க இன்னொரு எளிய வழி, கிட் லென்ஸை மாட்டி எஃப்/5.6லிருந்து அதே சோதனையைச் செய்வது. கிட் லென்ஸில் எல்லாம் சரி, 50 மிமீயில் மட்டும் பிழை என்றால் முடிவு தெரிந்துவிட்டது. இதழ்களைக் கண்ணாலும் பார்க்கலாம். நிக்கான் லென்ஸின் பின்புறம் இருக்கும் சிறு நெம்பை விரலால் நகர்த்தி விட்டால் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ பளபளவென எண்ணெய் தெரிந்தாலோ அதுவே காரணம். கேனன் ஈஎஃப் லென்ஸில் நெம்பு கிடையாது, இதழ்கள் மின்சாரத்தால் இயங்குகின்றன. கேமராவில் மாட்டி, அபர்ச்சரை எஃப்/16ல் வைத்து, டெப்த்-ஆஃப்-ஃபீல்ட் ப்ரிவ்யூ பொத்தானை அழுத்தி முன்பக்கமாகப் பாருங்கள். இதழ்களின் மேல் நீங்களே எண்ணெய், கரைப்பான் எதையும் விடாதீர்கள், அது மீண்டும் பரவும். லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

லென்ஸில் மின்தொடர்பே இல்லையென்றால் வேறு கணக்கு. நிக்கானின் பெரிய மாடல்களில் நான்-சிபியு லென்ஸ் டேட்டா என்ற மெனுவில் குவியத்தூரத்தையும் அதிகபட்சத் திறப்பையும் பதிய வேண்டும். தொடக்கநிலை மாடல்களில் மீட்டர் இயங்கவே இயங்காது. அடாப்டர் வழியாகக் கேனனில் மாட்டிய கைமுறை லென்ஸ்களில் எஃப்/8, எஃப்/11 என்று துளையைச் சுருக்கிய நிலையிலேயே அளக்க நேரும். மீட்டரின் அளவு அங்கே விலகிப்போவது அடிக்கடி காணப்படுவது. ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துவதே வழி. திரையில் அபர்ச்சர் எண்ணுக்குப் பதில் கேனனில் 00 என்றோ நிக்கானில் வெறும் கோடுகளாகவோ அவ்வப்போது வந்து போனால், லென்ஸ் மவுன்ட்டில் உள்ள தங்கநிறத் தொடுமுனைகளை நார் உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள்.

விளக்கு, ஃப்ளாஷ், இன்னும் சில

மின்விளக்குகள் துடிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை கூடிக் குறைகின்றன. 1/500 நொடியில் எடுத்தால் ஒரு படம் துடிப்பின் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் விழும், நிறமும் மாறும். 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/125 வைத்தால் பிழை அடங்கும். 2014ல் வந்த கேனன் 7டி மார்க் 2 முதல், துடிப்பின் உச்சிக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. மின்னணு ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழுந்தாலும் காரணம் இதுவே. இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

ஃப்ளாஷுக்குத் தனியே ஒரு காம்பென்சேஷன் இருக்கிறது, மறந்துபோகும் இடங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளமைந்த ஃப்ளாஷின் வீச்சு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பர் 12 என்றால், ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6ல் 12ஐ 5.6ஆல் வகுத்தால் கிடைக்கும் 2.1 மீட்டர்தான் எட்டும் தூரம். ஐஎஸ்ஓ 400க்கு ஏற்றினால் இரட்டித்து 4.3 மீட்டர். அதற்கு அப்பால் நிற்பவர் இருண்டுதான் தெரிவார். அடுத்தடுத்து அடித்தால் மின்தேக்கி நிறைவதற்குள் அடுத்த படம் இருளும். 1/200 அல்லது 1/250 என்ற சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு பயன்படும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டினால் ஒரு பக்கம் கருப்புப் பட்டை விழும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து இயங்கும் டிடிஎல் ஃப்ளாஷும் சாம்பலையே தேடுவதால், வெள்ளை உடை அணிந்தவரின் படம் மங்கும்.

ட்ரைபாடில் வைத்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்து நீண்ட நேரம் எடுக்கும்போது மட்டும் படம் இருண்டால், பின்பக்கக் கண்துளை வழியே நுழையும் ஒளி காரணம். டிஎஸ்எல்ஆரின் மீட்டர் சென்சார் வியூஃபைண்டரின் மேற்பகுதியில் இருக்கிறது, அந்த ஒளியையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. கேமராவோடு தந்த ஐபீஸ் மூடியைப் போடுங்கள், இல்லையென்றால் கையால் மறையுங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரே அளப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. பழைய நேர்கோட்டு போலரைசர் ஃபில்டரும் டிஎஸ்எல்ஆரின் பாதி ஒளி கடத்தும் கண்ணாடியோடு மோதி மீட்டரைத் தவறாகப் படிக்கவைக்கும். சர்க்குலர் வகையே வேண்டும். ஒளியைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை மாட்டிய பிறகு மீட்டரை நம்பாமல், மாட்டும் முன்பே அளந்து 1000ஆல் பெருக்குங்கள்: 1/125 நொடி ஏறக்குறைய 8 நொடியாகும்.

இத்தனைக்கும் பிறகு ஷட்டர் வரிசையிலோ அபர்ச்சர் வரிசையிலோ பிழை தெளிவாகத் தெரிந்தால் அப்போது சர்வீஸுக்குக் கொடுங்கள். வெறுமனே "எக்ஸ்போஷர் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தால், பெஞ்சில் இரண்டு படம் எடுத்துப் பார்த்துப் பழுதில்லை என்று திருப்பிவிடலாம். சுவர்ச் சோதனையின் கோப்புகளை எக்ஸிஃப் அழியாமல் ஒரு கார்டில் போட்டு, எந்த லென்ஸில், எந்த அபர்ச்சரில் அல்லது எந்த வேகத்தில், எத்தனை ஸ்டாப் விலகுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்த லென்ஸோடும் கேமராவோடும் சேர்த்தே கொடுங்கள்.